கட்டிப்பட்ட உரம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பின்னறையில் இருக்கும் உரச்சாக்கு இறுகிப்போகும். வாப்பா அதை முற்றத்துக்கு இழுத்துவந்து சாக்கோடு வைத்து அலவாங்கால் இடிப்பார். உடைந்த கட்டிகளைக் கையால் உதிர்ப்பது பிள்ளைகளின் வேலை. சீனி மாதிரி மின்னும். விரலில் கீறல் இருந்தால் உயிர் போகும் எரிச்சல். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் உம்மா குசினிக்குள் விடமாட்டா.

அக்குறணையில் அப்போது வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி. இடையிடையே கராம்பு, சாதிக்காய், ஓரத்தில் கோப்பி. அந்தச் சரிவுகளெல்லாம் இன்று மாடி வீடுகள். ஆறாம் கட்டைப் பக்கம் இருந்த உரக்கடையும் போய்விட்டது. சாக்கை ஏற்றிவிடும்போதெல்லாம் அந்தக் கடை முதலாளி வாப்பாவிடம் சொல்வார்: “நானா, மண்ணெண்ணெய் டின்னுக்குக் கிட்ட வெச்சிராதீங்க.” நாங்கள் வாங்கியது யூரியாவும் அமோனியம் சல்பேட்டும். அவை தம்பாட்டில் வெடிக்கிற சாதியல்ல. ஆனாலும் அவர் சொல்லாமல் விட்டதில்லை.

வாப்பா மௌத்தாகி வெகுகாலத்துக்குப் பிறகுதான் ஜெர்மனியின் ஒப்பாவ் பற்றிப் படித்தேன். பி.ஏ.எஸ்.எஃப். கம்பனியின் உரத் தொழிற்சாலை. அமோனியம் சல்பேட்டையும் அமோனியம் நைட்ரேட்டையும் கலந்து செய்த உரம், சுமார் 4500 தொன், ஒரே களஞ்சியத்தில் கட்டிப்பட்டுக் கிடந்தது. அலவாங்குக்கு அசையாத அந்த மலையை அவர்கள் வெடிவைத்துத் தகர்த்துவந்தார்கள். ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் நடக்கவில்லை. 1921 செப்டம்பர் 21 காலை, வேலை தொடங்குகிற நேரத்தில், அதில் பத்தில் ஒரு பங்குதான் வெடித்தது. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரின் பெரும்பாலான வீடுகள் இடிந்தன. வெடிவைத்தவர்களில் யாரும் மிஞ்சாததால் அன்று என்ன மாறிப்போனது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

எனக்கு நெஞ்சு கனப்பது இன்னொரு விஷயத்தில். ஒப்பாவ் வெடிப்புக்கு இரண்டு மாதம் முன்புதான், ஜூலையில், கிரீவால்ட் என்ற இடத்தில் ரயில் பெட்டிகளில் இறுகிய நைட்ரேட்டை இதே விதமாக வெடிவைத்து உடைக்கப்போய் 19 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் சாவு ஒப்பாவின் வேலையை நிறுத்தவில்லை. சரியாக எண்பது வருடம் கழித்து, 2001இல் அதே செப்டம்பர் 21ஆம் திகதி, பிரான்ஸின் துலூஸ் நகரத்து உரத் தொழிற்சாலையில் நைட்ரேட் வெடித்து 31 பேர் போனார்கள்.

பெய்ரூட் எங்களுக்குப் படித்துத் தெரிந்த ஊரல்ல. நாலு வீடு தள்ளி இருந்த ராத்தா அங்கே வீட்டு வேலை செய்து, அனுப்பிய காசில் தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவர். துறைமுகத்தின் வெள்ளைத் தானியக் களஞ்சியத்தைப் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே உடுப்புக் காயப்போட்டதைச் சொல்வார். 2020 ஆகஸ்ட் 4 இரவு, போனில் அந்தக் களஞ்சியம் வெடிப்பின் புகைக்குள் மறைவதைப் பார்த்துவிட்டு, இன்னும் அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒவ்வொருத்தராக அழைப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். எசமானர் வீட்டைவிட்டு வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டிய பிள்ளைகள்.

வெடித்தது 12ஆம் இலக்கக் கிடங்கு. 2013இல் வந்த ஒரு கப்பலிலிருந்து இறக்கிய 2750 தொன் அமோனியம் நைட்ரேட் அங்கே வருடக்கணக்கில் கிடந்தது. சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள், திரும்பவும் எழுதினார்கள். சரக்கு நகரவில்லை. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்களில் சிரியர், பங்களாதேஷ்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று கூலிக்கு வந்தவர்களும் உண்டு.

கிடங்கில் தீ என்றதும் பெய்ரூட் தீயணைப்புப் படையிலிருந்து பத்துப் பேர் ஓடினார்கள். அதில் ஒருத்தி இளம் மருத்துவ உதவியாளர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. பத்துப் பேருமே திரும்பவில்லை. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்த துறைமுகத்தில், எங்கள் ஆறாம் கட்டை முதலாளி போல வாயைத் திறந்து சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கக் கூடாதா?