யாருக்கு இந்த வனச்செல்வம்?

‘முதலீடு’ என்னும் சொல் கம்பளைக்குப் புதிதன்று. இலங்கையின் பெருந்தோட்டத் தொழிலுக்கு வித்து விழுந்ததே நமது ஊரின் அருகில்தான். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் வெள்ளையர் சிங்காபிட்டியவில் காப்பித் தோட்டம் அமைத்தார். ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் காப்பி நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தார். மகாவலிக் கரையிலிருந்து மலையேறிய கோடரி அதன்பின் எளிதில் ஓயவில்லை. காடு அழிந்தது, மூலதனம் கொழுத்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக வந்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர்.

இன்று அதே சொல் வேறு உடை தரித்து வருகிறது. அதன் பெயர் வனவிலங்குச் சுற்றுலா. அன்று காட்டை வெட்டினால் இலாபம். இன்று எஞ்சிய காட்டைக் காட்டினால் இலாபம். வெட்டுவதிலும் காட்டுவது மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இலாபம் யார் மடியில் விழுகிறது என்பதை நாம் கேட்டே தீர வேண்டும்.

விலங்குகளை அழித்தவர் யார் என்பதையும் மறந்துவிடலாகாது. பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அரசாங்கமே யானையைக் கொன்றவருக்கு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் இவ்வாறு கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதினார். இன்றைய பாதுகாப்புச் சட்டம் 1937இல் வந்தது. யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசிய வனங்களாயின. துரைமார் வேட்டையாடிக் களித்த மலைகளில், எஞ்சிய விலங்கோடு இன்று முகத்துக்கு முகம் நிற்பவள் கொழுந்து பறிக்கும் பெண்.

நாம் கற்பித்த ஒரு தோட்டப் பள்ளியில், ஒருநாள் ஒரு சிறுமி சொன்னாள்: “மேல் மலையில புலி கெடக்குன்னு அம்மா வேலைக்குப் போகல சேர். பேர் போட மாட்டாங்களாம்.” புலியென்று அவள் சொன்னது சிறுத்தையை. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளமில்லை. உயிருக்கு அஞ்சினால் வயிறு காயும். வயிற்றுக்கு அஞ்சினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இந்தக் கணக்கு எந்த முதலீட்டு அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. சில நாட்களில் உடவளவையில் இறந்தது. நாடே வருந்தியது; வருந்தத்தக்கதே. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கில் இத்தகைய சாவுகள் நேர்கின்றன. சுருக்கு வைப்பவனைக் கொடியவன் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. அவன் தோட்டத்து மரக்கறியைப் பன்றி தின்றால் யார் ஈடு செய்வார், அவன் சட்டியில் இறைச்சி விழ வேறு வழி உண்டா என்று கேட்பதே கடினம்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பழைய துரை பங்களாக்கள் சில இன்று செல்வர் தங்கும் விடுதிகள். தோட்டத் தொழிலாளரோ 1,000 ரூபா நாட்சம்பளத்தை எட்ட 2021 வரை போராட வேண்டியிருந்தது. பங்களா விடுதியாகலாம், லயம் லயமாகவே இருக்க வேண்டுமா?

உலகம் இதில் இரண்டு பாதைகளைக் காட்டுகிறது. 1959இல் செரங்கெட்டி வனத்திலிருந்து மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். நம் நாட்டிலும் 1983இல் மாதுரு ஓயா தேசிய வனமானபோது வேடர் குடும்பங்கள் மூதாதையர் காட்டை இழந்தன. இது ஒரு பாதை. உகண்டாவின் சட்டமோ வனப்பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதத்தை அயலில் வாழும் மக்களுக்கு ஒதுக்குகிறது. நமீபியா 1996இல் கிராமச் சமூகங்களுக்கே வனவிலங்கால் வரும் வருவாயில் உரிமை வழங்கியது. அங்கும் குறைகளுண்டு, எனினும் விலங்கின் சுமையைத் தாங்குபவனுக்கு அதன் பயனிலும் பங்குண்டு என்னும் கொள்கை அங்கே சட்டமாகியிருக்கிறது.

அக்கொள்கை மலைநாட்டுக்கும் வேண்டும். சிறுத்தை நடமாடும் மலையில் வேலை நிறுத்தப்படும் நாளுக்குப் பேர் விழ வேண்டும். காயமுற்றவருக்குத் தாமதமின்றி நட்டஈடு கிடைக்க வேண்டும். காட்டை உள்ளங்கைபோல் அறிந்த தோட்டத்து இளைஞர், பயணிகளின் பெட்டி தூக்குவோராக அன்றி, முறையான பயிற்சியும் சம்பளமும் பெற்ற வழிகாட்டிகளாக வேண்டும். வருவாயில் ஒரு பங்கு லயங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டும். இவையின்றி வரும் முதலீடு, காப்பிக்காலத்து முதலீட்டின் பேரப்பிள்ளையே.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! சிறுத்தையைக் காக்க வேண்டும் என்று வகுப்பறையில் சொல்லுங்கள். அதே மூச்சில், அதன் அருகே கூடை சுமந்து நிற்பவளையும் காக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவளுக்கு வாழ்வளிக்காத காட்டைப் பாதுகாக்க அவள் கை நீளாது. அவள் கை நீளாமல் எந்தக் காடும் நிலைக்காது.