சுவரை இடியாமல் குழாயை மாற்றலாம்

இடிப்பது மதுரைக்குப் புதிதன்று. நகரைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலை 1840-களில் ஆட்சித் தலைவர் பிளாக்பர்ன் இடிப்பித்தார். அப்பணியில் முன்னின்றோரின் பெயர்களையே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன. அவ்விடிப்பினால் ஊர் விரிந்தது. அதனை நாம் குறை கூறோம். ஆனால் குளியலறையில் அரை அங்குலக் குழாய் ஒன்று பழுதுற்றது என்பதற்காகச் சுவரையே பெயர்க்க வேண்டும் என்று கொத்தனார் கூறும்போது, அன்பர்கள் சற்று நிதானிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இல்லங்களைச் சந்திக்கச் சென்றவிடத்து, மாசி வீதியை ஒட்டிய பழைய வீடொன்றில் மூதாட்டி ஒருவரைக் கண்டோம். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் மடங்கியிருந்தன. குளியலறையின் பழைய திருகு குழாயைத் திறக்க அவரால் ஒருவாறு இயலும். இறுக மூட இயலாது. ஒவ்வொரு நாளும் மருமகளை அழைத்தே மூட வேண்டியிருந்தது. "ஈரத்தோட கதவத் தெறந்து ஆளைக் கூப்பிடக் கூச்சமா இருக்கு, சாமி" என்றார். அதனால் நாள்தோறும் குளிக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார். மகனோ, சுவரைக் கொத்திக் குழாயை மாற்றி டைல்ஸ் பதிப்பதற்குக் கேட்கப்பட்ட தொகையை எண்ணிக் கலங்கியிருந்தார். பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணத்தில் அல்லவா கை வைக்க வேண்டும்!

அவ்வளவும் தேவையில்லை. சுவரினுள் இருக்கும் பழைய இரும்புக் குழாயின் வாயில் புதிய குழாய் பொருந்துமா என்று பலர் ஐயுறுகின்றனர். பொருந்தும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், திருகு மரைகளுக்கு 55 பாகைக் கோணம் கொண்ட பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அதன் வழிவந்ததே நம் நாட்டுக் குழாய் மரை. அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரைகள். தாத்தா காலத்துக் குழாய்க்கும் அதே கணக்கு, நேற்றுக் கடைக்கு வந்ததற்கும் அதே கணக்கு. (அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணரும் பளபளப்பான குழாயின் மரைக் கோணம் 60 பாகை. முதலில் ஏறுவதுபோல் ஏறும், பின்பு கசியும். அதனை நன்றியோடு பெட்டியிலேயே வைத்திருப்பது நலம்.)

வெறும் சொட்டுத்தான் குறையெனில், புதுக் குழாயும் வேண்டா. உள்ளிருக்கும் வாஷரை மாற்றினால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வீணாகும். கோடையில் வைகை வறளும் ஊரில் அது சிறு அளவன்று. ஆனால் அம்மூதாட்டியின் குறை வாஷரால் தீர்வதன்று. அவருக்கு வேண்டியது நீண்ட கைப்பிடியுடைய, கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய். அதனுள்ளே ரப்பர் வாஷருக்கு மாறாக இரு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். விரல் மடங்காவிடினும் புறங்கையாலேயே தள்ளி மூடலாம்.

வேலையைக் கவனமறிந்த பிளம்பரிடம் ஒப்படைப்பது நன்று. முதலில் மேல்தொட்டியின் கேட் வால்வை அடைத்து, அது உண்மையில் நீரை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். துருவேறிய பழைய குழாயை ஒரே மூச்சில் திருகினால், சுவருக்குள் இருக்கும் எல்போ உடையக்கூடும். அப்பொழுதுதான் கொத்தனார் சொல் பலித்துவிடும்! ஆகவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, பைப் ரிஞ்சினால் சிறிது முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்ற வேண்டும். பிற்காலத்தில் டைல்ஸ் ஒட்டியதால் குழாய் வாய் உள்ளடங்கியிருந்தால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் உதவும். சுற்றியுள்ள இடைவெளியைப் பிளாஞ்சு மறைக்கும். முன்னாளில் சணலும் வெள்ளை ஈயமும் இட்டு இறுக்கினர். ஈயம் உடலுக்குக் கேடு. இந்நாளில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றினால் போதும். இறுக்கியபின் நேராக்குவதற்காகப் பின்னோக்கித் திருப்பலாகாது, திருப்பினால் கசியும்.

ஒன்றைப் பலரும் மறக்கின்றனர். பழையதைக் கழற்றியதும் புதியதைப் பூட்டுமுன், வால்வைச் சிறிது திறந்து குழாயினுள் பெயர்ந்திருக்கும் துருவையும் மணலையும் வாளியில் வடித்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு மணல் துகள் பீங்கான் தட்டுகளில் கீறலிட்டு, புதுக் குழாயும் அன்றே சொட்டத் தொடங்கும். நம் சமவெளியில் பல ஊர்களின் ஆழ்குழாய் நீர் உப்பு மிகுந்தது; குழாயின் வாய்ச் சல்லடையில் வெண்படிவு கட்டும். அவ்வப்போது அதனைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் படிவு கரையும்.

வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாய் உள்ள வீடுகளில், சுவரின் இரு வாய்களுக்கும் இடையே நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து கொள்க. 15 சென்டிமீட்டர் என்பது வழக்கமான அளவு. சற்றுக் கூடினும் குறையினும், புதிய மிக்சரோடு வரும் வளைந்த கால்களைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

சுவரினுள் இருக்கும் குழாயே துருவால் அடைத்துச் செந்நீர் வருமாயின் என் செய்வது? அப்போதும் கொத்த வேண்டா. பழைய வாயைப் பிளக் இட்டு அடைத்துவிட்டு, சுவரின் மேலேயே சி.பி.வி.சி. குழாய் ஓட்டலாம். பார்வைக்கு அழகில்லைதான். ஆயினும் நாளை பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியும்; கைக்கும் எட்டும்.

நாம் கண்ட அவ்வீட்டில் எண்ணெய் ஊறியதைத் தவிர்த்துப் பார்த்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கழற்றிய பழைய குழாய் கனமான வார்ப்புப் பித்தளை. பேரன் அதைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போடப் புறப்பட்டான். மூதாட்டி விடவில்லை, புளியிட்டுத் துலக்கச் செய்து, புது வாஷர் போட்டுக் கொல்லையில் முருங்கையடித் தொட்டிக்குப் பூட்டச் சொல்லிவிட்டார்.