தட்டின் துயிலும் விழிப்பும்

ஓய்வு உயிர்களுக்கு மட்டும் உரியதன்று. பொறிகளுக்கும் அது வேண்டும். ஆயின், எப்பொழுது ஓய்வது, எத்துணை நேரம் ஓய்வது என்று அறியாது கொள்ளும் ஓய்வு நன்மைக்கு மாறாகக் கேட்டையே விளைக்கும். கணனியின் வன்தட்டு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த முதல் வன்தட்டுச் சாதனத்தில் 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. அக்காலத்தில் மின்சிக்கனம் பற்றிய கவலை எழவில்லை. மின்கலத்தை நம்பி வாழும் மடிக்கணனி தோன்றிய பின்னரே தட்டையும் துயிலவைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. அத்துயில் மூன்று படிகளை உடையது. முதற்படியில் தட்டு சுழன்றுகொண்டிருக்க, எழுதுதலை மட்டும் ஒதுங்கி நிற்கும். இரண்டாம் படியில் சுழற்சி நிற்கும். ஏவல் வந்ததும் தட்டு மீண்டும் எழும். மூன்றாவது, மீளத் தொடக்கினாலன்றி எழாத ஆழ்துயில்.

மேசைக்கணனியின் தட்டொன்று வாளா சுழலும்போது ஏறத்தாழ 5 வாற்று வலுவைக் கொள்ளும். சுழற்சி நின்றால் 1 வாற்றும் வேண்டியதில்லை. ஆனால், நின்ற தட்டை எழுப்பச் சில விநாடிகளுக்கு 20 வாற்றுக்கு மேற்பட்ட வலு தேவைப்படும். எனவே ஒரு நிமிடத்துக்கு மேல் உறங்கினால் மின்சாரம் மிஞ்சும். ஆயின், மின்சாரக் கணக்கு ஒன்று. தேய்மானக் கணக்கு வேறொன்று. இதனை உணராதார் பலர்.

2022ஆம் ஆண்டு இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மாணவன் ஒருவன் பழைய மடிக்கணனியில் தன் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தான். மின்கலம் நீடிக்கவேண்டுமென்று, லினக்ஸ் பணிசெயல் முறைமையில் தட்டின் சிக்கன அளவை அடியெல்லைக்கு இறக்கிவைத்தான். மின்வெட்டு ஒழிந்த பின்னும் அதனை மாற்ற மறந்தான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒலி எழுந்தது. அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏழு மாதங்களின் பின் தட்டு தன்னுள்ளே பதிந்துவைத்திருந்த கணக்கை நோக்கியபோதுதான் திடுக்குற்றான். எழுதுதலை ஒதுங்கி மீண்ட தடவைகள் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தன. அத்தகைய தட்டுகள் பலவற்றுக்கு விதிக்கப்பட்ட எல்லையோ மூன்று இலட்சம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் உழைத்தால் 960 தடவை. அவ்வெல்லையை எட்ட ஓராண்டும் வேண்டியதில்லை! ஆய்வேட்டின் ஒரே பிரதியும் அத்தட்டிலேயே இருந்தது.

குற்றம் தட்டினது மட்டுமா? தட்டு துயில முனைகின்றது. பணிசெயல் முறைமையோ அதனைத் துயிலவிடுவதில்லை. எழுதவேண்டிய தரவு உண்டாவென்று லினக்ஸ் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஆராயும். கோப்பொன்றை வாசித்தால், வாசித்த நேரத்தையும் குறித்துவைப்பது அதன் பழைய வழக்கம். 2009ஆம் ஆண்டு முதல் இக்குறிப்பு இயல்பாகவே பெரிதும் சுருக்கப்பட்டது. எழுத்துகளைச் சேர்த்துவைத்து ஒருசேரப் பதியும் முறையும் உண்டு. ஆனால் அதற்கிடையில் மின்சாரம் அற்றுப்போனால், சேர்த்துவைத்தவை அழியும். சிக்கனம் எதுவும் இலவசமாக வருவதன்று.

மாணவன் முதலில் ஆய்வேட்டை வேறிடத்திற் பிரதிசெய்தான். பின்னரே அமைப்பைத் திருத்தினான். சிக்கன அளவு 1 முதல் 254 வரையான எண்களாற் குறிக்கப்படும். 127 வரையானவை சுழற்சியை நிறுத்த இடந்தரும். 128 முதலானவை இடந்தரா. அவன் 254ஐ இட்டான். 'டிக்' ஒலி அடங்கியது. மின்கலம் சற்று முன்னதாகவே தீர்ந்தது. அவன் அதற்கு வருந்தவில்லை.

சுழலும் பாகம் அற்ற திண்மநிலைச் சேமிப்பகங்கள் இன்று மடிக்கணனிகளிற் பெருகிவிட்டன. எனினும் பெருந்தொகையான தரவுகள் இன்றும் சுழலும் தட்டுகளிலேயே காக்கப்படுகின்றன. அவற்றைக் காப்போர் மனங்கொள்ள வேண்டியது ஒன்று: அடிக்கடி கலையும் உறக்கத்தினும் இடையறா விழிப்பே மேல்.