இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள்

நல்லவர்கள் இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இருக்கிறது. அமெரிக்க காமிக்ஸ்காரர்கள் இந்த ருசியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1940லேயே நெருப்பு மனிதனான ஹ்யூமன் டார்ச்சையும் கடலரசன் நேமோரையும் மோதவிட்டுக் காசு பார்த்தாயிற்று. அதன்பிறகு அது ஒரு ஃபார்முலாவே ஆகிவிட்டது. இரண்டு ஹீரோக்கள் சந்திப்பார்கள், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு நாலு பக்கம் கட்டிப் புரள்வார்கள், பிறகு ‘அட, நீயும் நம்ம ஆளா’ என்று தோளில் கை போட்டுக்கொண்டு வில்லனைத் தேடிப் போவார்கள்.

2006-07ல் மார்வெல் ஏழு இதழ்களாக வெளியிட்ட ‘சிவில் வார்’ இந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்நிவன். இதில் யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. நன்றாகப் புரிந்துகொண்டுதான் அடித்துக்கொள்கிறார்கள்.

இதை வைத்து 2016ல் வந்த சினிமாவைப் பார்த்தவர்கள் கதை தெரியும் என்பார்கள். சினிமாவில் சண்டை கடைசியில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் அப்பா அம்மாவைக் கொன்றது யார் என்ற சொந்தப் பகைக்குள் போய்ச் சுருங்கிவிடுகிறது. புத்தகம் அப்படியில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டில், டி.வி. ரியாலிட்டி ஷோவுக்காகக் கேமராவோடு வில்லன்களைப் பிடிக்கப் போன இளம் ஹீரோக்கள், நைட்ரோ என்ற ஒருவனைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மடக்குகிறார்கள். அவன் வெடிக்கிறான். குழந்தைகள் உட்பட 600 பேருக்கு மேல் சாகிறார்கள். அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்த டோனியின் முகத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் துப்புகிறாள். அதற்குப் பிறகுதான் சட்டம் வருகிறது: முகமூடி போட்டவர்கள் எல்லோரும் நிஜப் பெயரை அரசிடம் பதிவு செய்து, பயிற்சி எடுத்து, சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். டோனி சரி என்கிறான். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் முடியாது என்கிறான். இன்றைக்குப் பதிந்தால் நாளைக்கு யார் வில்லன் என்பதையும் அரசியல்வாதிதான் சொல்வான் என்பது அவன் கட்சி.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்த நேரம் அப்படி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தானாகச் சேர்ந்த எத்தனையோ குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. பேர் கிடையாது, போர்டு கிடையாது. பேங்கில் இருந்து ரிட்டையரான ஒரு சார், ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், கல்லூரிப் பையன்கள், நோட்டில் வரவு செலவு எழுதிய நான். ஒரு ராத்திரி இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுபோன பையனுக்குத் தெருவிளக்குக் கம்பம் ஒன்றின் பக்கத்தில் ஷாக் அடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் அம்மா எங்கள் எல்லோரையும் பார்த்து ஒன்றுதான் கேட்டார்: “எம்புள்ளைய யாருங்க அனுப்புனது?”

யாரும் அனுப்பவில்லை. அதுதான் சங்கடம்.

தண்ணீர் வடிந்ததும் சார் ஆரம்பித்தார். டிரஸ்டாகப் பதிவு செய்வோம், பேர், முகவரி, வீட்டுச் சம்மதம் இல்லாமல் ஒருத்தரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது, கணக்கு ஆடிட் ஆக வேண்டும். அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. “அன்னைக்கு ஃபார்ம் நிரப்பிக்கிட்டு இருந்தா எத்தினி பேரு மொட்ட மாடியிலயே கெடந்திருப்பாங்க சார்? நாளைக்கு ஒருத்தன் வந்து அந்தத் தெருவுக்குப் போவாதம்பான். போவாம இருப்பீங்களா?” என்றார். இரண்டு பேர் பேச்சிலும் ஓட்டை இல்லை. சார் மகள்தான், “அக்கா, இது அப்படியே சிவில் வார்” என்று சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாவது இதழில் வரும் ஒரு கட்டத்தில் நான் நின்றுவிட்டேன். ஒரு கெமிக்கல் ஆலையில் விபத்து என்று பொய்த் தகவல் கொடுத்து கேப்டனின் ஆட்களை டோனி வரவழைக்கிறான். ஹெல்மெட்டைத் திறந்து, பேசுவோம் என்கிறான். இருவரும் கை குலுக்குகிறார்கள். கேப்டனின் உள்ளங்கையில் ஒரு சின்னக் கருவி ஒளிந்திருக்கிறது; டோனியின் கவசம் அந்த நொடியே செயலிழக்கிறது. அழைத்தவன் பொய் சொல்லி அழைத்தான், வந்தவன் பொய்யோடு வந்தான். யார் கட்சி நியாயம் என்று அதுவரை புரட்டிக்கொண்டு வந்த எனக்கு அந்தக் கேள்வியே அங்கே நின்றுபோயிற்று. அதன்பிறகு நடப்பதெல்லாம் அந்தக் கைக்குள்ளிருந்து வந்ததுதான். டோனியின் ஆட்கள், இடிக் கடவுளான தோரின் நகல் ஒன்றைச் செய்து களத்தில் இறக்குகிறார்கள். அது கேப்டன் பக்கத்து ஹீரோ கோலியாத்தைக் கொன்றுவிடுகிறது. பிடிபட்டவர்களை வேறோர் உலகத்துச் சிறையில் அடைக்கிறார்கள். நேற்றுவரை வில்லனாக இருந்தவனுக்குச் சம்பளம் கொடுத்து வேட்டைக்கு அனுப்புகிறார்கள்.

எங்கள் சமாதானக் கூட்டம் சார் வீட்டு மாடியில் நடந்தது. “காப்பி சாப்பிட்டுட்டுப் பேசலாம்பா” என்றார் சார். அவர் ஃபைலுக்குள் டிரஸ்ட் பத்திரம் டைப் செய்து தயாராக இருந்தது, டிரஸ்டிகள் பெயர் உட்பட. அதில் அண்ணன் பெயர் இல்லை. அண்ணனோ அன்று காலையிலேயே வேறு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, பையன்களை அங்கே சேர்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டும் எனக்கு முன்பே தெரியும். தினம் ராத்திரி இரண்டு பேரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். “உன்கிட்டதாம்மா மனசு விட்டுப் பேச முடியுது” என்பார் சார். “அக்கா, நீங்கதான் நியாயமா பேசறவங்க” என்பார் அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. சமையல் முடித்து, போன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

காமிக்ஸில் அந்த இடத்தில் இருப்பவன் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர். டோனியின் பேச்சை நம்பி, நிருபர்கள் முன்னால் முகமூடியைக் கழற்றிப் பெயரைச் சொல்கிறான். சிறையைப் பார்த்த பிறகு மனம் மாறி அந்தப் பக்கம் போகிறான். பலரும் அவனை நல்லவன் என்றுதான் படிப்பார்கள். எனக்கு அவன்மேல்தான் எரிச்சல். டோனியிடம் போய் கேப்டன் ஏன் பயப்படுகிறான் என்று சொல்ல அவனால் முடிந்திருக்கும், கேப்டனிடம் போய் அந்தத் தாயைப் பற்றிச் சொல்லவும் முடிந்திருக்கும். எழுதியவர் அவனுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஏழு இதழ் ஓடாது.

கடைசி இதழில் கேப்டன் ஜெயிக்கப் போகிறான். டோனி கீழே கிடக்கிறான். அப்போது ஓடிவந்து கேப்டன்மேல் விழுந்து அமுக்குகிறவர்கள் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் போலீஸும். ஒரு சக்தியும் இல்லாதவர்கள். அவன் நகரத்தைச் சுற்றிப் பார்க்கிறான், முகமூடியைக் கழற்றிச் சரணடைகிறான். டோனியின் வாதத்தில் ஒரு வரிகூட அவனை அசைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. 2007 மார்ச்சில் வந்த ‘கேப்டன் அமெரிக்கா’ 25ஆம் இதழில் நீதிமன்றப் படிக்கட்டில் அவனைச் சுட்டுவிட்டார்கள். பிறகு அவனைத் திரும்பக் கொண்டுவந்தது தனிக் கதை. காமிக்ஸில் செத்தவர்கள் லீவு முடிந்து வருகிறவர்கள் மாதிரி வந்துவிடுவார்கள்.

எங்கள் மாடிக் கூட்டத்தில் யாரும் யார்மேலும் விழுந்து அமுக்கவில்லை. அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். டிரஸ்ட் பதிவாயிற்று. பையன்கள் அண்ணனோடு போனார்கள். ஷாக் அடித்த பையனின் அம்மா இரண்டு பக்கமும் சேராமல், மழைக்காலம் வந்தாலே அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வரும் போன்கள் மட்டும் நிற்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீர். சாரின் டிரஸ்டிடம் அரிசியும் மருந்தும் இருந்தன, இறக்கிக் கொடுக்க ஆளில்லை. அண்ணனிடம் ஆளும் ஒரு ரப்பர் படகும் இருந்தன, பையில் போட ஒன்றுமில்லை. முதலில் சார் போன் செய்தார், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் நம்பரும் வந்தது. “அவன்கிட்ட சொல்லும்மா...” என்று சார் ஆரம்பித்தார். “நீங்களே சொல்லுங்க சார், லைன்ல இருக்காரு” என்று இரண்டு காலையும் சேர்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன், “எத்தினி மூட்ட சார்?” என்றார். நான் அவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் லைனிலிருந்து வெளியே வந்தேன்.