அம்மாவின் நெஞ்சும் மனசும்

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று தேவிகாபுரம். ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயில், மலைமேல் கனககிரீஸ்வரர், வீட்டுக்குள் தறி. தறியில் யார் உட்கார்ந்தாலும் சரி, தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, சமையல், பிள்ளைகள் எல்லாம் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான்.

அப்படி ஒரு வீட்டில் ஐம்பது வயது அம்மா ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவரைப் பெற்றவர் மாரடைப்பில் இறந்தவர். சில மாதங்களாக இவருக்குத் தூக்கமில்லை, எதிலும் ஆர்வமில்லை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, தாடையிலும் முதுகிலும் வலி. வீட்டில் என்ன சொல்வார்கள்? "வாயுதான், சுக்குக் கஷாயம் குடி" என்பார்கள். இல்லையென்றால் "எல்லாம் மனசுதான் காரணம், கோயிலுக்குப் போய்ட்டு வா" என்பார்கள். இதயம் என்ற பேச்சே வராது!

சரி, அறிவியல் என்ன சொல்கிறது?

முதலில் மரபணு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் உண்டு. இளமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நடுவயதுக்குப் பிறகு இதயத் தசை பலவீனமாகும் அபாயம் கூடுகிறது. மாரடைப்பின் கதை வேறு. அதில் பெரும்பாலும் ஒரு மரபணு அல்ல, சின்னச் சின்ன மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்கின்றன.

அடுத்தது மனம். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மாரடைப்புக்கு அது சொன்ன 9 முக்கியக் காரணிகளில் புகைபிடித்தல், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு மன உளைச்சலும் ஒன்று. மனம் ஓயாமல் பதறினால் அட்ரினலினும் கார்டிசோலும் கூடுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. சோர்ந்து போனவர் மாத்திரையை மறக்கிறார், நடப்பதையும் விட்டு விடுகிறார்.

இரண்டும் ஒன்று சேர்ந்தால்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை அலசி 2024-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். மனச்சோர்வு வரக்கூடிய மரபணு வாகு அதிகமுள்ள பெண்களுக்கு இதய நோய் அபாயமும் கூடுதல். மனநோய் என்று எந்த மருத்துவரும் சொல்லியிராத பெண்களிடமும் இப்படித்தான்! ஆண்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அதன் கணக்கை அப்படியே தேவிகாபுரத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் மனசையும் இதயத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது தவறு என்று அது காட்டுகிறது.

அதற்காகப் பரம்பரையைத் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். நெசவு வீட்டில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு முன்பே ஓடியாகி விட்டது, ஊடை இன்னும் கையில்தான் இருக்கிறது.

அந்த அம்மா மருத்துவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்: தாய் மாரடைப்பில் இறந்ததையும், தனக்குத் தூக்கமும் ஆர்வமும் போனதையும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மனசுக்குப் பேச 'டெலி மானஸ்' 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். திடீரென்று நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை என்றால் கஷாயம் வேண்டாம், உடனே 108.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். "பாட்டி எதனாலம்மா இறந்தாங்க?" "நீ ராத்திரி நல்லாத் தூங்குறியா?"