3,500 கிலோ இழுக்கும் வண்டியில் குடும்பத்துக்கு எத்தனை கிலோ?

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓரரூ என்று ஒரு சின்ன ஊர். கோதுமை, பார்லி, செம்மறியாடு... இவைதான் அங்கே பிழைப்பு. 1865-ம் ஆண்டு ஜார்ஜ் காய்டர் என்ற அரசு நில அளவைத் தலைவர், வறட்சி எதுவரை தாக்கியிருக்கிறது என்று சுற்றிப் பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குத் தெற்கே மானாவாரி விதைப்பு தாங்கும், வடக்கே மழையை நம்பி இறங்காதீர்கள் என்றார். அடுத்து வந்த வருடங்களில் மழை நன்றாகப் பெய்தது. 'உழுதால் மழை தானாக வரும்' என்று பேசிக்கொண்டு பலரும் கோட்டைத் தாண்டிப் போய் விதைத்தார்கள். 1880-களில் வறட்சி திரும்பியது. அவர்கள் விட்டுவிட்டுப் போன கல் வீடுகள் கூரையில்லாமல் இன்றும் நிற்கின்றன. ஓரரூ அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

ஜூலை வந்தால் இந்தப் பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். விதைப்பு முடிந்திருக்கும், பள்ளிக்கூடம் லீவு, அறுவடை நவம்பரில்தான். அங்கே அது குளிர்காலம். வெயில் தேடி வடக்கே கிளம்புவார்கள். வீட்டு வாசலில் நிற்கும் பெரிய டீசல் வண்டியின் பின்னால் கேரவனைக் கோத்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, போர்ட் அகஸ்டா வழியாக ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். அந்தச் சாலை டார்வின் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் நீள்கிறது.

வாசலில் நிற்கும் அந்த வண்டி பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் குரூசர்தான். 1950-களின் இறுதியில் ஸ்நோயி மலைகளில் அணையும் சுரங்கமும் கட்டிய காலத்தில், லெஸ்லி தீஸ் என்ற ஒப்பந்தக்காரர் இதை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். பனியிலும் சேற்றிலும் தாக்குப்பிடித்ததால் பண்ணைகளுக்கும் பரவியது. இப்போது வருவது 2021-ல் அறிமுகமான 300 வரிசை. 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ டீசல் இன்ஜின். மாடலைப் பொறுத்து ஐந்து அல்லது ஏழு பேர் உட்காரலாம். வாரநாளில் ஆட்டு டிரெய்லரையும் தண்ணீர்த் தொட்டியையும் இழுக்கும். சனிக்கிழமை பிள்ளைகளை விளையாட்டுக்குக் கூட்டிப்போகும். விலை ஏறக்குறைய ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் தொடங்குவதால், ஒரே வண்டி எல்லா வேலையும் செய்தாக வேண்டும்.

விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண் 3,500. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். பொய்யில்லை. 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. பாரம் இழுக்க டீசலை விரும்புவதற்குக் காரணமே இதுதான். இன்ஜின் அலறாமல், கீழ்ச்சுற்றிலேயே வண்டி நகரும்.

வில்மிங்டன் தாண்டி ஹாராக்ஸ் கணவாயில் இறங்கும்போதுதான் முதல் சோதனை. மலை இடுக்கில் வளைந்து வளைந்து சாலை இறங்குகிறது, எதிரே ஸ்பென்சர் வளைகுடாச் சமவெளி. மூன்று டன் கேரவன் பின்னால் இருந்து தள்ளுகிறது. கால் பிரேக்கையே நம்பினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். பழகியவர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினையே பிரேக்காக வைத்து இறங்குகிறார்கள். கேரவனுக்குத் தனியாக மின்சார பிரேக் இருக்கிறது, அதன் கட்டுப்பாடு ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில். ஆஸ்திரேலிய விதிப்படி 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று போனால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

எடை மேடை சொல்லும் கணக்கு

கோதுமை வட்டாரத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தானியம் போடுகிற விவசாயி லாரியை எடை போடாமல் அனுப்ப மாட்டார். ஆனால், குடும்பத்தோடு கிளம்பும் வண்டியை எடை மேடையில் ஏற்றுபவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏற்றிப் பார்ப்பவர்களில் பலருக்கு முகம் மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 300 வரிசை வண்டி ஆள், சாமான், கொக்கியில் விழும் பாரம் எல்லாம் சேர்த்து 3,280 கிலோவைத் தாண்டக்கூடாது. டேங்க் நிறைய டீசலோடு வெறும் வண்டியே சுமார் 2,600 கிலோ. மிச்சம் 680. கேரவன் 3,500 கிலோ என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 கிலோ, கொக்கி வழியாக வண்டியின் முதுகில் உட்காரும். மிச்சம் 330. அப்பா 90, அம்மா 70, மூன்று பிள்ளைகள் சேர்த்து 120 என்று வைத்தால் 280 கிலோ போய்விட்டது. மீதி 50 கிலோ.

அந்த 50 கிலோவுக்குள் என்ன அடங்கும்? கங்காரு மோதினால் இன்ஜின் தப்பிக்க முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுகிறார்கள். அது மட்டுமே 60 கிலோவுக்குக் குறையாது. பின்னால் ஒரு குளிர்பெட்டி, இரண்டாவது பேட்டரி, இன்னொரு ஸ்டெப்னி, கூரையில் கேரியர், கருவிப்பெட்டி... ஒவ்வொன்றும் தேவைதான். எல்லாம் சேரும்போது வண்டி வரம்பைத் தாண்டி 100, 150 கிலோ போயிருக்கும். ஓட்டுபவருக்குத் தெரியாது, ஏனென்றால் இன்ஜின் திணறாது. இழுப்பதில் இந்த வண்டிக்குக் குறையே சொல்ல முடியாது. சுமப்பதில்தான் சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. கொக்கி பின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. அதில் பாரம் விழுந்தால் ஏற்றம் போல முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தின் மேலிருந்த எடை குறைந்து, அதுவும் பின் அச்சிலேயே சேரும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். டிரெய்லரில் கரும்பைப் பின்தள்ளி ஏற்றி ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பாரம் வைக்கும் இடத்தின் அருமை தெரியும். அதற்காகக் கொக்கியில் பாரமே இல்லாமல் செய்தாலும் ஆபத்து. கேரவனின் பின்பக்கம் கனத்தால் அது வாலை ஆட்டத் தொடங்கும்.

அந்த ஆட்டம் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடும். மூன்று டிரெய்லர் கோத்த, 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாரிகள் எதிரே வருகின்றன. கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கேரவன் ஒருமுறை ஆடி அடங்கினால் சரி. ஆட்டம் வளர்ந்தால், அவசரத்தில் கால் பிரேக்கை மிதிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் லேசாகக் கொடுத்தால், பின்னாலிருந்து பிடித்து நேராக்கும். அங்கே 110 கிலோமீட்டர் வேகம் அனுமதி என்றாலும், கேரவன் இழுக்கும் அனுபவஸ்தர்கள் 90-ஐ ஒட்டியே போகிறார்கள்.

கிளெண்டாம்போவுக்கு அப்புறம்

பிம்பா தாண்டினால் ஹார்ட் ஏரி. தண்ணீர் அபூர்வம், கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை உப்பு. அடுத்து கிளெண்டாம்போ. அதற்கு மேல் கூபர் பெடி வரை 254 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. நடுவில் சாலையிலேயே விமானம் இறங்க வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். 1928-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் விமானங்களுக்கு இதுவும் ஓடுதளம்.

கேரவன் இல்லாமல் ஓட்டினால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்பது நிறுவனக் கணக்கு. கனமான கேரவன் பின்னால் வந்தால் ஐந்தோ, ஆறோதான். எதிர்காற்று இருந்தால் அதுவும் குறையும். இரண்டு டேங்கும் சேர்த்து 110 லிட்டர். பழைய 200 வரிசையில் 138 லிட்டர் இருந்தது. தூரப்பயணம் போகிறவர்களின் மனக்குறை இது. 254 கிலோமீட்டருக்கு 110 லிட்டர் தாராளம். ஆனால் உள்ளே மண்பாதையில் திரும்பி வில்லியம் கிரீக், அன்னா கிரீக் பக்கம் போகிறவர்கள் கூடுதல் டேங்க் மாட்டுகிறார்கள். அன்னா கிரீக் உலகின் மிகப்பெரிய மாட்டுப் பண்ணை. 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் முக்கால் கிலோவுக்கு மேல். எடைக் கணக்கு மறுபடியும் இடிக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்பிரிங்கை மாற்றி, முறைப்படி சான்று வாங்கி, வண்டியின் எடை வரம்பை உயர்த்திக்கொள்கிறார்கள் சிலர். செலவு பிடிக்கும். உருப்படியான வழி கேரவனைச் சிறிதாக்குவது. 2,500 கிலோ கேரவன் என்றால் கொக்கியில் 250 கிலோதான் விழும். குடும்பமும் ஏறி, கம்பித் தடுப்பும் குளிர்பெட்டியும் வைத்து, இன்னும் வரம்புக்குள் இருக்கலாம். 3,500 கிலோ கேரவனை வாங்கிவிட்டு எதை இறக்குவது என்று வாசலில் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கூபர் பெடியில் 1915-ல் ஓபல் கல் கிடைத்தது. வெயிலுக்குப் பயந்து பாறையைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே நாய் வேலி ஓடுகிறது. செம்மறியாட்டைக் காட்டுநாய் டிங்கோவிடமிருந்து காக்க 5,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட வேலி. ஓரரூவின் ஆட்டுக்காரர்களுக்கு இது பார்த்தே தீரவேண்டிய இடம். ஊரின் குடிநீர் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைச் சுத்திகரித்தது. வடக்கே மார்லா இன்னும் 235 கிலோமீட்டர். அதனால் கேரவன் தொட்டிகளை இங்கே நிரப்புகிறார்கள். 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் பாரம் கொக்கியில் ஏறும், பின்னால் இருந்தால் வால் ஆடும். விவரமானவர்கள் நிரப்பி முடித்ததும், கொக்கியின் கீழே சின்னத் தராசு ஒன்றை வைத்து இன்னொருமுறை பார்த்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.