கினிகத்தேனைச் சந்தியில் ஒரு தேர்தல் மாலை

கொழும்பிலிருந்து அட்டனுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கித்துள்கலையைக் கடந்ததும் களனி கங்கை கீழே பின்தங்கிவிடுகிறது. வண்டி வளைந்து வளைந்து மலையேறத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தின் உச்சியில், பெரும்பாலும் மழையில் நனைந்தபடியே இருக்கும் சிறு பட்டினம் கினிகத்தேனை. பெயரில் தேன் இருக்கிறதே என்று எண்ணுபவர் ஏமாந்து போவர். அது சிங்களச் சொல். 'தீப்பற்றிய சேனை' என்பது பொருள். ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டும் பகுதிக்கு இப்படியும் ஒரு பெயர்! கடைத்தெரு ஒன்று, நாவலப்பிட்டிக்குப் பிரியும் சாலை, சுற்றிலும் சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டங்களும். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் பலருக்கு இது தேநீர் அருந்த இறங்கும் இடம் மட்டுமே.

எனக்கும் அது அவ்வளவாகத்தான் இருந்தது, 2024 செப்டம்பர் 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலைவரை. மறுநாள் ஜனாதிபதித் தேர்தல். வாக்களிப்பதற்காக நானும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். சந்தியில் இறங்கித் தேநீர்க்கடையில் நின்றபோது, கொழும்பிலிருந்து பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் மிதிபலகைவரை மனிதர். யாத்திரைக் காலமும் இல்லை, தீபாவளியும் இல்லை. தலைநகரின் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் மாளிகைகளின் சமையலறைகளிலும் உழைக்கும் மலையகப் பிள்ளைகள் அவர்கள். பெயர் பதிவான இடத்திலேயே வாக்களிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பதிவோ தோட்டத்து லயத்து முகவரியில்.

"ஒரு நாள் கூலியும் போகிறது, பஸ் காசும் போகிறது. அப்படியும் வரத்தான் வேண்டுமா தம்பி?" என்று பக்கத்தில் நின்ற இளைஞனைக் கேட்டேன்.

"எங்க அப்பாயிக்கு நாப்பது வயசுக்கு மேலதான் சேர் ஓட்டே கெடச்சுது. நான் வராம நின்னா வீட்டுல ஏசும்" என்றான் அவன்.

வகுப்பறையில் நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வரும் வரலாறு இது. ஆயினும் அந்த ஏச்சில் இருந்த வலு என் பாடத்தில் இருந்ததில்லை. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலிலேயே அட்டனின் பிரதிநிதியாகப் பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று அமைச்சருமானார். 1947 இல் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா என்று தோட்டத் தமிழரின் வாக்குகள் பலரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. கணக்கிலிருந்த மனிதரை எவரும் கேட்கவில்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் தெரிவானது 1977 இல். இடையில் முப்பது ஆண்டுகள். எஞ்சியோர்க்கு 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களே வழி திறந்தன.

இவ்வளவு இழந்து பெற்ற வாக்கை இம்மக்கள் தலைவர் காட்டும் திசையில் போட்டுவிடுகிறார்கள் என்று நகரத்து நண்பர் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அவர்கள் முடிவுகளைப் புரட்டிப் பார்த்ததில்லை போலும். மலையகத் தமிழர் பாதிக்கு மேற்பட்டோராக வாழும் மாவட்டம் நுவரெலியா. 2010 இலும் 2015 இலும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது. மாவட்டமோ முதல் முறை சரத் பொன்சேகாவையும், அடுத்த முறை மைத்திரிபால சிறிசேனவையும் முன்னிறுத்தியது. 2024 இல் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவின் பக்கம் நின்றது. இங்கே முந்தியவர் சஜித் பிரேமதாச. ஆயினும் 2020 பொதுத் தேர்தலில் அதே காங்கிரசின் ஜீவன் தொண்டமானுக்கு இலட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகள் குவிந்தன. வீட்டுக்கும் வீதிக்கும் யாரைக் கேட்பது என்பது ஒரு கணக்கு, நாட்டை யார் ஆள்வது என்பது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அந்தச் சனிக்கிழமை நாடெங்கும் நூற்றுக்கு 79 பேர் வாக்களித்தனர். செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவில், 2020 இல் தகுதியுள்ளோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்ததையே நூறாண்டுகளில் காணாத உயர்வு என்று வியந்தார்கள்.

எட்டு வாரங்களில் பொதுத் தேர்தலும் வந்தது, நவம்பர் 14 வியாழக்கிழமை. செப்டம்பரில் இம்மாவட்டத்தில் மூன்றாம் இடத்தில் நின்ற திசைகாட்டி, இப்போது எட்டு ஆசனங்களில் ஐந்தைப் பெற்றது. தலைவர் சொல் கேட்கும் மக்கள் என்ற பேச்சு இனியேனும் ஓயலாம். ஆனால் நாட்டின் வாக்களிப்பு வீதம் நூற்றுக்கு 69 ஆகச் சரிந்திருந்தது. செப்டம்பரில் ஒரு பயணம், ஒக்டோபர் இறுதியில் தீபாவளிக்கு ஒரு பயணம், இரண்டே வாரத்தில் மூன்றாவது. நாட்கூலிக்காரன் எத்தனை முறை மலையேறுவான்? பெயர் பதிந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்றாக இருப்பவர்க்கு, இருக்குமிடத்திலேயே முன்கூட்டி வாக்களிக்க வழி செய்தால் என்ன என்று அன்று தோன்றியது.

நவம்பர் 13 மாலையில் நான் அதே சந்தியில் இறங்கினேன். தேநீர்க்கடையில் அந்த இளைஞனைத் தேடினேன்; காணவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டனுக்குச் செல்லும் அடுத்த வண்டி வந்தபோது, அதில் உட்கார இடம் இருந்தது.